இலைக்குள் புகுந்த பாக்டீரியா செல்லிடை வழியைத் திறக்கிறதா, அடைக்கிறதா?

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டைச் சேர்ந்த முதுகலைத் தாவரவியல் மாணவர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி: மேல்மலையில் பீன்ஸ் இலையில் குண்டூசித் தலை அளவுக்குத்தான் புள்ளி விழுகிறது, ஆனால் சுற்றிலும் விரல் அகலத்துக்கு மஞ்சள் வளையம். கீழ்மலையில் கமலா ஆரஞ்சு இலை திட்டுத்திட்டாக வெளிறி, மரமே வருடா வருடம் ஒடுங்குகிறது. இரண்டுக்கும் பாக்டீரியாதான் காரணம் என்கிறார்கள். பாக்டீரியா எட்டாத செல் எப்படிக் கெடுகிறது? செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்மோடெஸ்மேட்டாவை அது திறந்துவிடுகிறதா, அடைத்துவிடுகிறதா? கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

பாக்டீரியா செடிக்குள் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். இலையின் காற்றிடைவெளியில் வாழும் சூடோமோனாஸ் வகைக்கு வழி திறந்திருப்பது லாபம்; அதற்கென்றே ஒரு புரதம் வைத்திருக்கிறது. உணவுக்குழாயான ஃபுளோயத்துக்குள் வாழும், ஆரஞ்சில் கிரீனிங் நோயை உண்டாக்கும் பாக்டீரியா வந்த மரத்திலோ வழி அடைபடுகிறது, மரம் ஒடுங்குவதில் அந்த அடைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டிலும் கதவு ஒன்றேதான்: வழியின் வாயில் செடியே படியவைக்கும் காலோஸ் என்ற பொருள்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். பிளாஸ்மோடெஸ்மேட்டா என்பது செல்சுவரை ஊடுருவிப் போகும் குழாய். குறுக்களவு சுமார் 30 முதல் 50 நானோமீட்டர். உள்சுவராகப் பிளாஸ்மா சவ்வு, நடுவே எண்டோபிளாச வலையின் மெல்லிய இழை, இரண்டுக்கும் இடையே சைட்டோபிளாசம் உள்ள ஒரு சந்து. பொருள்கள் போய்வருவது அந்தச் சந்து வழியாகத்தான். பாக்டீரியாவின் அகலமோ அரை மைக்ரானுக்கு மேல், அதாவது 500 நானோமீட்டருக்கும் அதிகம். அது இந்த வழியில் நுழையவே முடியாது. காற்றிடைவெளியில் செல்களுக்கு வெளியே ஊர்ந்துதான் பரவ வேண்டும். செல்லுக்குச் செல் போவது அது சுரக்கும் பொருள்கள் மட்டுமே.

அந்தப் பொருள்களை எடையை வைத்து, சிறிய மூலக்கூறுகள், பெரிய புரதங்கள் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த இலையில் சுமார் 1000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள மூலக்கூறுகள் தடையின்றிப் போகும் என்பது பழைய கணக்கு. இளம் இலையில் வழி இன்னும் தாராளம். தானே உணவு தயாரிக்காமல் வாங்கிச் சாப்பிடும் பருவத்திலுள்ள புகையிலை இலையில் சுமார் 50 கிலோடால்டன் புரதம் வரை கடந்து போனதை 1999-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எந்தச் சோதனையானாலும் இலையின் வயதைக் குறித்துக்கொள்ளாவிட்டால் அதன் முடிவு ஒன்றுக்கும் உதவாது.

பீன்ஸின் மஞ்சள் வளையம் முதல் வகை. சூடோமோனாஸ் சிரிஞ்சே வகையின் பேசியோலிகோலா என்ற பிரிவு, பேசியோலோடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. எடை சுமார் 530 டால்டன். இவ்வளவு சிறிய பொருளுக்கு யாரும் கதவு திறந்துவிட வேண்டியதில்லை, பாக்டீரியா இருக்கும் இடத்தைத் தாண்டி அது பாட்டுக்குப் பரவும். போன இடத்தில் ஆர்னிதைன் கார்பமாயில் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. ஆர்ஜினின் உற்பத்தி நின்றுபோகிறது, பச்சையம் சேர்வது தடைப்பட்டு இலை மஞ்சளிக்கிறது. ஈ. கோலை பாக்டீரியா பரப்பிய தட்டில் நஞ்சை வைத்தால் சுற்றிலும் வளர்ச்சி இல்லாத வட்டம் விழும். தட்டில் ஆர்ஜினின் சேர்த்துவிட்டால் அந்த வட்டம் விழாது. நஞ்சு இதுதான் என்று உறுதிசெய்ய இந்தச் சோதனைதான் வழக்கம்.

இதில் மலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த நஞ்சு 18–20 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சுரக்கும், 28 டிகிரியில் ஏறக்குறைய நின்றுவிடும். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துக் குளிரில் வளையம் அகலமாகத் தெரிவதும், அதே விதையைக் கீழே சமவெளியில் போட்டால் எண்ணெய் பட்டதுபோன்ற நீர்க்கசிவுப் புள்ளி மட்டும் வருவதும் இதனால்தான். வளையம் காணோம் என்பதால் நோய் இல்லை என்று கீழே விதை எடுத்துவிடாதீர்கள். இது விதை வழியே பரவும் நோய்.

இரண்டாவது வகை புரதங்கள். கேள்வியின் உயிர்நாடி இங்கேதான். சூடோமோனாஸ் ஒரு ஊசி போன்ற அமைப்பால் தன் புரதங்களை நேரே செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. இவற்றுக்கு எஃபெக்டர் என்று பெயர். ஆய்வுகளில் அதிகம் பயன்படும் தக்காளி வகைப் பாக்டீரியாவான டிசி3000-இடம் இப்படி 30-க்கும் மேற்பட்டவை உண்டு. பெரும்பாலானவை பத்துகளில் கிலோடால்டன் எடையுள்ளவை. ஊசி குத்துவது தொட்டுக்கொண்டிருக்கும் செல்லில் மட்டும்தான். அடுத்த செல்லின் எதிர்ப்பையும் முன்கூட்டியே அடக்கி வைக்க வேண்டுமானால் எஃபெக்டர்கள் பிளாஸ்மோடெஸ்மேட்டா வழியாக நகர வேண்டும். ஒளிரும் புரதத்தோடு இணைத்துப் பார்த்ததில் டிசி3000-இன் எஃபெக்டர்கள் பல அப்படி நகர்வது 2021-இல் காட்டப்பட்டது.

செடி சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. பாக்டீரியாவின் நீந்து இழையில் உள்ள ஃபிளாஜெலின் புரதத்தில் 22 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை எஃப்எல்எஸ்2 என்ற உணர்வி கண்டுகொள்கிறது. அதன் தொடர்ச்சியாகப் பிளாஸ்மோடெஸ்மேட்டாவின் இரு வாய்களிலும், செல்சுவருக்கும் சவ்வுக்கும் இடையே, காலோஸ் படிகிறது. காலோஸ் என்பது குளுக்கோஸ் சங்கிலி, பீட்டா-1,3-குளுக்கன். வெளியே அது தடிக்கத் தடிக்க உள்ளே சந்து நெரிபடும். தோட்டத்துப் பாசனக் குழாயை வெளியிலிருந்து கவ்வி இறுக்குவது போலத்தான், உள்ளே எதையும் திணிப்பதில்லை. வேண்டாதபோது பீட்டா-1,3-குளுக்கனேஸ் நொதி காலோஸைக் கரைத்துவிடும், வழி மறுபடி திறக்கும்.

செடியின் எதிர்ப்பு ஹார்மோனான சாலிசிலிக் அமிலம் வழியாகவும் இதே அடைப்பு நடக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜங்-யூன் லீயின் குழு 2011-இல் அராபிடாப்சிஸில் (ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகுக் குடும்பச் சிறுசெடி) விவரித்த பிடிஎல்பி5 என்ற புரதம் இதில் நடுநாயகம். சாலிசிலிக் அமிலம் ஏறினால் பிடிஎல்பி5 ஏறும். அது கால்எஸ்1 என்ற காலோஸ் தயாரிப்பு நொதியின் துணையோடு வழியை மூடும். இந்தப் புரதம் இல்லாத செடியில் வழி அகலம், சூடோமோனாஸும் கூடுதலாகப் பெருகும்.

பாக்டீரியா கை வைப்பது சரியாக இந்த இடத்தில்தான். கியாவ் ஆங், ஷெங் யாங் ஹே ஆகியோரும் கூட்டாளிகளும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், டிசி3000-இன் ஹாப்ஓ1-1 என்ற எஃபெக்டர் செடியின் செல்லுக்குள் போனதும் பிளாஸ்மோடெஸ்மேட்டாவில் போய் உட்காருவதைக் காட்டினார்கள். அங்கே பிடிஎல்பி7 புரதத்தோடு ஒட்டி அதை நிலைகுலைய வைக்கிறது. பிடிஎல்பி5-ஐயும் அப்படிச் செய்வதாகத் தெரிகிறது. காவலாள் குறைந்ததும் செல்லிடைப் போக்குவரத்து அதிக தூரம் எட்டுகிறது. ஹாப்ஓ1-1 இல்லாத பாக்டீரியா அருகிலுள்ள திசுக்களுக்குப் பரவுவது குறைகிறது. இந்த எஃபெக்டர் ஒரு ரைபோசில் டிரான்ஸ்ஃபெரேஸ் நொதி என்று கருதப்படுகிறது. அந்த நொதிச் செயலும் வழியை மாற்றுவதற்கு வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் அராபிடாப்சிஸிலும் தக்காளி வகைப் பாக்டீரியாவிலும் கண்டவை. பீன்ஸ் வகையும் அப்படியே செய்கிறது என்று உங்கள் ஆய்வறிக்கையில் எழுதிவிடாதீர்கள், தேர்வாளர் அங்கேயே பிடிப்பார்.

அப்படியானால் எப்போதும் மூடியே வைத்திருக்கும் ரகத்தை உருவாக்கலாமே என்று தோன்றும். பிடிஎல்பி5 அளவுக்கு மீறி உள்ள அராபிடாப்சிஸ் செடியில் சாலிசிலிக் அமிலம் குவிந்து, நோய் இல்லாமலே இலை மஞ்சளித்துப் புண் விழுகிறது. அதோடு, ஒரு இலையில் நோய் வந்ததும் மற்ற இலைகளுக்குப் போக வேண்டிய எச்சரிக்கைப் பொருள்களில் அசிலாயிக் அமிலமும் கிளிசரால்-3-பாஸ்பேட்டும் இதே வழியைத்தான் நம்பியிருக்கின்றன. வழியை நிரந்தரமாக மூடினால் செய்தி போகாது. நல்ல நேரத்தில், நல்ல இடத்தில் மட்டும் மூட வேண்டும். அந்த நேரக் கணக்கைக் குலைப்பதே பாக்டீரியாவின் வேலை.

இனி கீழ்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பகுதிகளில் காப்பியோடு ஊடே நிற்கும் கமலா ஆரஞ்சின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்று கிரீனிங். கேண்டிடேட்டஸ் லிபெரிபேக்டர் ஏசியாடிகஸ் என்ற இந்தப் பாக்டீரியாவைச் சில்லிட் பூச்சி சாறு உறிஞ்சும்போது நேரே ஃபுளோயத்தில் இறக்கிவிடுகிறது. ஃபுளோயத்தில் சர்க்கரை ஓடும் சல்லடைக் குழாயின் துளைகள் பிளாஸ்மோடெஸ்மேட்டாவைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே இதற்குப் பரவ எந்தக் கதவையும் திறக்க வேண்டிய தேவை இல்லை. பாதிக்கப்பட்ட இலையில் சல்லடைத் தட்டுகளில் மட்டுமின்றி, அதை ஒட்டிய துணைச் செல்களின் பிளாஸ்மோடெஸ்மேட்டாவிலும் காலோஸ் குவிந்து சர்க்கரை ஏற்றுமதி தடைப்படுவதை 2012-இல் காட்டினார்கள். இலையில் தயாரான சர்க்கரை வெளியேற வழியில்லாமல் மாவுச்சத்தாகத் தேங்குகிறது. மாவுமணி வீங்கிப் பசுங்கணிகத்தின் அடுக்குகளைச் சிதைக்க, இலை திட்டுத்திட்டாக வெளிறுகிறது. மேலே இலை நிறைய மாவு, கீழே வேர் பட்டினி. உரம் போட்டும் மரம் தேறவில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம், ஏனெனில் வாங்கிச் சாப்பிட வேருக்குச் சக்தி இல்லை.

ஃபுளோயத்தில் வாழும் இன்னொரு கூட்டமான, செல்சுவர் இல்லாத பாக்டீரியாவான பைட்டோபிளாஸ்மாவின் சில எஃபெக்டர்கள், எஸ்ஏபி11 போன்றவை, மிகச் சிறியவை. ஃபுளோயத்திலிருந்து வெளியேறிச் சுற்றியுள்ள செல்களின் உட்கருவரை போகின்றன. பூ இலையாக மாறுவது, கிளை விளக்குமாறு போலக் கொத்தாகக் கிளைப்பது எல்லாம் இத்தகைய எஃபெக்டர்கள் செய்யும் வேலை.

ஆனால் பாக்டீரியா நோய் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் தள்ள வேண்டாம். முட்டைக்கோஸின் கருப்பழுகல் இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியே நுழைந்து நரம்பில் இறங்கும். ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சளிப்பது அதனால்தான். உருளைக்கிழங்கு வாடல் நோயின் ரால்ஸ்டோனியா நீர்க்குழாயான சைலத்தை வழவழப்பான சர்க்கரைப் பொருளால் அடைக்கிறது. சைலக் குழாய் செத்த செல்களால் ஆனது, அதற்குள் பிளாஸ்மோடெஸ்மேட்டா பேச்சுக்கே இடமில்லை. சந்தேகமானால் வாடிய தண்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நுனி மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் நூல்போல் இறங்கினால் ரால்ஸ்டோனியா என்று ஊகிக்கலாம்.

கண்ணால் பார்க்கும் வழிக்கு வருகிறேன். உயிருள்ள நோய்க்கிருமியை வளர்க்க அனுமதியும் வசதியும் இல்லாத ஆய்வகத்தில் ஃபிளாஜெலின் துண்டையே பயன்படுத்தலாம். எஃப்எல்ஜி22 என்ற பெயரில் விலைக்குக் கிடைக்கிறது. 1 மைக்ரோமோலார் கரைசலுக்கு ஒரு மி.லி.க்கு 2.3 மைக்ரோகிராம் போதும், ஆகவே ஒரு மில்லிகிராம் வாங்கினால் நெடுநாள் வரும். 1 மி.லி. ஊசிக்குழாயில் ஊசியைக் கழற்றிவிட்டு, இலையின் அடிப்புறத்தில் மென்மையாக அழுத்திச் செலுத்துங்கள். நனைந்த பகுதி கரும்பச்சையாகத் தெரியும், அதைப் பேனாவால் குறியுங்கள். கொடைக்கானல் மூட்டத்தில் காலையில் இலைத்துளை திறந்திருக்காது, கரைசல் இறங்காது, அழுத்தினால் இலை கிழியும். முன்கூட்டியே ஒன்றிரண்டு மணி நேரம் விளக்கொளியில் வையுங்கள். ஒப்பீட்டுக்கு வெறும் நீர் செலுத்திய இலை கட்டாயம். அராபிடாப்சிஸ் கிடைத்தால் டபிள்யூஎஸ்-0 என்ற ரகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் எஃப்எல்எஸ்2 இயற்கையிலேயே செயல்படாது, ஆகவே எஃப்எல்ஜி22 தந்தும் காலோஸ் கூடக் கூடாது. கூடினால் உங்கள் கை அழுத்தம்தான் காரணம்.

காலோஸுக்குச் சாயம் அனிலின் புளூ. 100 மி.லி. வாலை வடிநீரில் 2.6 கிராம் டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்தால் 150 மில்லிமோலார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டி பிஎச் 9.5-க்குக் கொண்டுவந்து, 10 மி.கி. அனிலின் புளூ சேர்த்துப் பழுப்புப் புட்டியில் வையுங்கள். ஓரிரவில் நீலம் வெளிறும், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம். ஒளிர்வது சைரோஃபுளோர் என்ற கலப்புப் பொருள்தான். அதன் அளவு புட்டிக்குப் புட்டி மாறும் என்பதால் ஒரு ஆய்வு முழுவதற்கும் ஒரே புட்டி.

செலுத்தி 24 மணி நேரம் கழித்து இலையைப் பறித்த நொடியே எத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலில் போடுங்கள். இங்கே தாமதித்தால் எல்லாம் வீண்: வெட்டுக்காயமே சில நிமிடங்களில் காலோஸை உண்டாக்கிவிடும். மேசையில் இலையை வைத்துக்கொண்டு படம் வரைந்து பெயர் எழுதி முடிப்பதற்குள் ஒப்பீட்டு இலையும் ஒளிரத் தொடங்கும். பச்சை முழுக்கப் போகும்வரை, தேவைப்பட்டால் ஓரிரவு, ஊறட்டும். பிறகு 70, 50 சதவீத எத்தனால், நீர் என்று கழுவி, சாயமில்லாத பாஸ்பேட் கரைசலில் அரை மணி, சாயத்தில் இருட்டில் இரண்டு மணி. 50 சதவீத கிளிசராலில் வைத்து, புற ஊதா வடிகட்டி உள்ள ஒளிர் நுண்ணோக்கியில் 40 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

என்ன தெரியும்? மேற்புறத்தோல் செல்களின் எல்லைக்கோட்டின் மீது, கோர்த்த மணிபோல நுண்ணிய புள்ளிகள்: பிளாஸ்மோடெஸ்மேட்டாக் காலோஸ் அது. செல்லின் பரப்பின் மேல் இங்குமங்கும் கிடக்கும் பெரிய, ஒழுங்கற்ற திட்டுகள் வேறு. அவை பாதுகாப்புக்காகச் சுவரில் பூசப்பட்ட காலோஸ். எஃப்எல்ஜி22 இரண்டையும் கூட்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான் மாணவர் ஆய்வறிக்கைகளில் அதிகம் பார்க்கும் பிழை. இலைத்துளைக் காவல் செல், மயிர், நரம்பு ஆகியவையும் ஒளிரும், அவற்றை விலக்கிவிட்டு எண்ணுங்கள். ஊசிக்குழாய் வாய் அழுத்திய வட்டத்தையும் விலக்குங்கள்.

ஆனால் காலோஸ் கூடியிருக்கிறது என்பதால் போக்குவரத்து குறைந்தது என்று தானாக ஆகிவிடாது, அதைத் தனியாக அளக்க வேண்டும். கார்பாக்சி ஃபுளோரசின் டையசிடேட் என்ற சாயம் சவ்வைக் கடந்து செல்லுக்குள் போகும். உள்ளே நொதி வெட்டியதும் பச்சையாக ஒளிரும், திரும்பச் சவ்வைக் கடக்க முடியாது. பிறகு அது நகர ஒரே வழி பிளாஸ்மோடெஸ்மேட்டாதான். 1 மில்லிமோலார் கரைசலில், அதாவது மி.லி.க்கு 0.46 மி.கி., ஒரு மைக்ரோலிட்டரைச் செடியிலேயே இருக்கும் இலையின் மேற்புறம் வைத்து, 5 நிமிடம் கழித்து அடிப்புறத்தில் ஒளிவட்டத்தின் விட்டத்தை அளப்பது வழக்கம். இது அராபிடாப்சிஸின் மெல்லிய இலைக்காக அமைந்த முறை. பீன்ஸில் செய்தே தீர வேண்டுமென்றால் நேரத்தை முன்னோட்டமாக நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். தினம் தினம் மாற்றக் கூடாது. அறை வெப்பநிலையை 22 டிகிரியில் நிறுத்துங்கள். குளிர்கால அறையில் 13 டிகிரியில் எடுத்த அளவையும் நண்பகலில் எடுத்ததையும் ஒப்பிட்டால், நோயின் விளைவை விட்டுவிட்டு மார்கழியின் விளைவைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஆரஞ்சுக்கு நுண்ணோக்கிகூட வேண்டாம், அயோடின் போதும். நல்ல இலை பகலில் சேர்த்த மாவை இரவில் அனுப்பிவிடும். வழி அடைபட்ட இலையால் முடியாது. ஆகவே விடியலில் பறியுங்கள், மாலையில் பறித்தால் எல்லா இலையும் கறுக்கும். ஒரே முதிர்ச்சியுள்ள இலைகளை நல்ல மரத்திலிருந்தும் சந்தேக மரத்திலிருந்தும் எடுத்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுவிட்டு, எத்தனாலில் பச்சை போகும்வரை சூடாக்கி (வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மட்டும், அருகில் நெருப்பு கூடாது), கழுவி அயோடின் விடுங்கள். கறுப்பு பட்டையாகவும் திட்டாகவும், நடுநரம்பின் இருபுறமும் ஒன்றுபோல் இல்லாமல் வந்தால் சந்தேகம் வலுக்கும். துத்தநாகக் குறையில் நரம்பிடை மஞ்சள் இருபுறமும் ஒத்திருக்கும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. தண்டுத் துளைப்பான் பட்டையைச் சுற்றித் தின்றிருந்தாலும், கட்டிய கம்பி கிளையை இறுக்கியிருந்தாலும் மாவு இதேபோலத் தேங்கும், ஏனென்றால் அங்கும் ஃபுளோயம்தான் அறுபட்டிருக்கிறது. மரத்தடியைச் சுற்றிப் பார்த்து, துளையும் மரத்தூளும் இல்லை என்று தெரிந்த பிறகே, பாக்டீரியாவின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு இலை அனுப்புங்கள். அனுப்பும்போது இலைப்பரப்பைவிடக் காம்பும் நடுநரம்பும் அதிகம் இருக்கட்டும், ஃபுளோயம் அங்கேதான் செறிவு. பாக்டீரியா மரம் முழுக்க ஒரே சீராக இருக்காது. ஒரு கிளையில் இல்லை என்று முடிவு வந்தால் வேறு இரண்டு மூன்று பக்கங்களிலிருந்தும் எடுத்துப் பார்த்த பிறகே மரம் சுத்தம் என்று சொல்லலாம்.